சிஓபிடி நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீடு வந்த பிறகு: முதல் ஒரு மாதம்

மூச்சுத்திணறல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், ஐந்தாறு நாள் நெபுலைசர் (மருந்தை ஆவிபோல் மாற்றி மூச்சில் தரும் கருவி), ஊசி, ஆக்சிஜன் எல்லாம் பெற்று வீடு திரும்புகிறார். ‘சரியாகிவிட்டது’ என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சரியானது அந்தத் தாக்குதல் மட்டும்தான். உள்ளே இருக்கும் சிஓபிடி அப்படியே இருக்கிறது. முன்பிருந்த தெம்பு திரும்ப ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். சிலருக்கு அது முழுதாகத் திரும்புவதே இல்லை. அமெரிக்க மருத்துவமனைக் கணக்குகளில், இப்படி டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு மாதத்துக்குள் மறுபடியும் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஆகவே வீட்டுக்கு வந்த முதல் நான்கு வாரங்களை சிகிச்சையின் இரண்டாம் பாதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியை நடத்துவது டாக்டரோ நர்ஸோ இல்லை, வீட்டில் இருப்பவர்கள்.

சிஓபிடி என்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். நாற்பது வருடம் விறகடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்து சமைத்த அம்மாக்களுக்கும் வருகிறது. காசநோய் வந்து குணமானவர்களுக்கும், பஞ்சு, கல், தானியத் தூசியில் வேலை பார்த்தவர்களுக்கும் வருகிறது. இந்த நோயில் மூச்சுக்குழாய்கள் தடித்துச் சளி கோக்கின்றன. நுரையீரலின் ரப்பர் போன்ற சுருங்கும் தன்மை போய்விடுகிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் கஷ்டம். இறங்க வேண்டியவர்கள் இறங்காமலே அடுத்த ஸ்டாப்பில் ஆள் ஏறும் டவுன் பஸ்போல, பழைய காற்று நெஞ்சுக்குள் நிறைந்து நிற்கிறது. புதுக் காற்றுக்கு இடமில்லை. ‘மூச்சை இழுக்க முடியவில்லை’ என்று அவர் சொல்வதன் உண்மையான காரணம், விட முடியாததுதான். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கீழே சொல்வதில் பாதி தானாகவே புரியும்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நான்கு கேள்விகள் கேட்டு, பதிலை அந்தச் சீட்டிலேயே பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, இன்று ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் மீட்டரில் (பல்ஸ் ஆக்ஸிமீட்டர்) ஆக்சிஜன் அளவு எத்தனை சதவீதம், கொஞ்சம் நடந்தபின் எவ்வளவு? இதுதான் அவருடைய ‘வழக்கமான நிலை’. பக்கத்து வீட்டுக்காரருக்கு 98 இருக்கிறது என்பது நமக்குத் தேவையில்லை. இவருக்கு 91 வழக்கம் என்றால் 91 நல்ல எண்தான். இரண்டாவது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறதா? ஆம் என்றால், ஆக்சிஜன் எந்த எண்ணுக்குள் நிற்க வேண்டும்? பெரும்பாலும் 88 முதல் 92 என்பார்கள். மூன்றாவது, எந்த மாத்திரை எத்தனை நாளைக்கு? பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பொதுவாக நாளுக்கு 40 மி.கி., மொத்தம் ஐந்து நாள்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கொடுத்திருந்தால் வீட்டில் இரண்டே நாள். ‘அது சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது’ என்று மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் தொடர்வதால் சர்க்கரை ஏறுகிறது, எலும்பும் தசையும் கரைகின்றன, கிருமித் தொற்று எளிதில் பிடிக்கிறது. நான்காவது, மறுபடி வரவேண்டிய தேதி. ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் ஒரு முறை, மூன்று நான்கு மாதத்தில் இன்னொரு முறை கட்டாயம் காட்ட வேண்டும்.

வேறு நோய்களுக்குச் சாப்பிடும் மருந்துகளையும் அப்போதே காட்டிவிடுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டைமோலால் சொட்டு மருந்து கண்ணோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண்ணில் விடுவது நெஞ்சை என்ன செய்யும் என்று யாருமே சந்தேகப்படுவதில்லை. டெரிஃபிலின் போன்ற தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வேறு யாரோ சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதிக் கொடுத்தால், தியோஃபிலின் ரத்தத்தில் தேங்கி வாந்தி, படபடப்பு, சிலருக்கு வலிப்புவரை போகும். தூக்க மாத்திரை, மது இரண்டும் மூச்சின் வேகத்தைக் குறைத்து கார்பன் டை ஆக்சைடை ஏற்றும். தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

இன்ஹேலர்: பலரும் தவறும் இடம்

இன்ஹேலர் வைத்திருப்பது வேறு, மருந்து நுரையீரலுக்குள் போவது வேறு. தப்பாக இழுத்தால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். ‘இது எனக்குக் கேட்கவில்லை’ என்று அவர் தூக்கிப் போட்டுவிடுவார்.

இரண்டு வகை இருக்கிறது. இரண்டுக்கும் இழுக்கும் விதம் நேர் எதிர். அழுத்தினால் புஸ் என்று அடிக்கும் பஃப் வகையை மெதுவாக இழுக்க வேண்டும். கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் பொடி வகையை வேகமாக இழுக்க வேண்டும். ஒருவருக்கே இரண்டும் எழுதிக் கொடுக்கும்போது குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

பஃப் வகைக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைக் கட்டாயம் வாங்குங்கள். வயதானவரால் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய முடியாது; ஸ்பேசர் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. மூடியைத் திறந்து, இன்ஹேலரை ஐந்தாறு முறை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்த வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முடிந்தவரை வெளியே விட்டு, உதடுகளால் ஸ்பேசரின் வாயை இறுக மூடிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு, மெதுவாக, ஆழமாக இழுத்து, மனசுக்குள் பத்து எண்ணும்வரை அடக்கிப் பிறகு விடலாம். அடக்க முடியாதவர் ஸ்பேசருக்குள்ளேயே நாலைந்து முறை சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கினால் போதும். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டு பஃப்பையும் சேர்த்து அடித்துவிட்டு ஒரே இழுப்பில் இழுத்தால், துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிதாகி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும்.

ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் அலசி, அப்படியே காற்றில் காய வையுங்கள். துணியால் துடைக்கக் கூடாது. துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி, மருந்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

பொடி வகையில், கேப்ஸ்யூலை உள்ளே வைத்து, கருவியின் முறைப்படி துளைத்து அல்லது பிரித்து, முகத்தைத் திருப்பி மூச்சை வெளியே விட வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். பிறகு வாயில் வைத்து ஒரே மூச்சில் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். துளைக்கும் வகையாக இருந்தால், சரியாக இழுக்கும்போது கேப்ஸ்யூல் உள்ளே ‘கிர்ர்’ என்று சுழலும் சத்தம் கேட்கும். இழுத்தபின் திறந்து பாருங்கள். பொடி மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். மூச்சு ரொம்பப் பலவீனமாகி வேகமாக இழுக்கவே முடியாதவருக்குப் பொடி வகை ஒத்துவராது; அதை டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: இந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுபவர்கள் உண்டு. மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டு வைப்பதால் வரும் வினை அது. தனி டப்பாவில் வையுங்கள்.

புடசோனைடு, ஃபுளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால், எடுத்த கையோடு தண்ணீரால் வாய் கொப்பளித்து, தொண்டைவரை கரகரத்துத் துப்ப வேண்டும். விட்டால் நாக்கில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சை பிடிக்கும், குரல் கம்மும்.

தினசரி இன்ஹேலர், அவசர இன்ஹேலர் என்ற வேறுபாடும் முக்கியம். தினசரி மருந்தை, நன்றாக இருக்கும் நாளிலும் நிறுத்தக் கூடாது. சால்பியூட்டமால் போன்றது மூச்சு வாங்கும்போது உடனே எடுப்பது. கை லேசாக நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது நாளுக்கு எத்தனை முறை தேவைப்படுகிறது என்பதைக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். இரண்டு முறை எடுத்தவர் ஆறு முறை எடுக்கத் தொடங்கினால், வாயால் அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அந்தத் தாள் சொல்லிவிடும்.

நெபுலைசர் இருந்தால்தான் மருந்து நன்றாக ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. சரியான முறையில் ஸ்பேசரோடு எடுக்கும் பஃப் பெரும்பாலானவர்களுக்கு அதே அளவு வேலை செய்கிறது. நெபுலைசர்தான் வேண்டும் என்றால், மருந்துக் குப்பியை ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க மறக்காதீர்கள். ஈரக் குப்பியில் வளரும் கிருமி, அடுத்த முறை மருந்தோடு சேர்ந்து நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஆக்சிஜன்: அளவுக்கு மிஞ்சினால்

மூச்சு வாங்கும் எல்லோருக்கும் வீட்டு ஆக்சிஜன் தேவையில்லை. ஓய்வில் அளவு 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து நிற்பவருக்குத்தான் அது ஆயுளைக் கூட்டுகிறது. அதுவும் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம், தூங்கும் நேரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால். ‘மூச்சு வாங்கும்போது பத்து நிமிடம்’ என்று வைப்பதில் அந்தப் பலன் கிடைக்காது. டிஸ்சார்ஜ் நேரத்தில் ஆக்சிஜன் எழுதிக் கொடுத்திருந்தாலும், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பாருங்கள். பலருக்கு அது தேவைப்படாமலே போய்விடுகிறது.

கூட்டி வைக்கும் ஆபத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவருக்கு மூச்சு அதிகமாக வாங்குகிறதே என்று பாசத்தில் நிமிடத்துக்கு 2 லிட்டரை 5 லிட்டர் ஆக்கிவிடுகிறார்கள். எண் 98 ஆகிறது, வீட்டில் சந்தோஷம். பழுதான நுரையீரல், கெட்டுப்போன பகுதிகளுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, நல்ல பகுதிகளுக்கு ரத்தத்தைத் திருப்பி விட்டிருக்கும். ஆக்சிஜன் வெள்ளமாக வந்தால் அந்தச் சுருக்கம் விட்டுப்போய், காற்று சரியாகப் புழங்காத இடத்துக்கு ரத்தம் பாய்கிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போகும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம், கடைசியில் எழுப்பினாலும் எழாத மயக்கம். 88–92 என்று எழுதிக் கொடுத்திருந்தால் 92-க்கு மேல் போனாலும் குறைக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வந்தால் அவர்களிடமும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

எண்ணை நம்பும் முன் மீட்டரைக் கவனியுங்கள். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல், கை நடுக்கம் எல்லாம் தப்பான அளவு காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மீட்டரை மாட்டி ஒரு நிமிடம் பொறுத்து, நிலைத்து நிற்கும் எண்ணை எழுதுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் எண் நன்றாக இருந்தும் ஆள் சரியில்லை என்றால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

கான்சென்ட்ரேட்டர் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் கருவி) வைத்திருப்பவர்கள் அதைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். வெளிப்புற ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். 1,500 லிட்டர் வாயு நிரம்பிய பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் வரும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் கான்சென்ட்ரேட்டர் சில மணி நேரம்தான் ஓடும், அதையும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டுதான் இணைக்க வேண்டும்.

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் வெறியோடு எரிய வைக்கும். துணி, தலைமுடி, போர்வையில் அது ஊறி நிற்கும். கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எல்லாம் குறைந்தது பத்தடிக்கு அப்பால். பூஜை அறை பக்கத்தில் கட்டில் போட்டிருந்தால் கட்டிலை மாற்றுங்கள். மூக்கு காய்ந்தால் வாஸ்லின், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கிடைக்கிறது. ஆக்சிஜன் மாட்டியபடி பீடி பற்றவைத்தால் முகமே கருகிவிடும்.

மூச்சு வாங்கும் அந்த ஐந்து நிமிடம்

திடீரென இரைக்கத் தொடங்கும்போது பயம் வருகிறது. பயத்தில் வேகமாக மூச்சு விடுகிறார். வேகமாக விடும்போது பழைய காற்று இன்னும் தேங்குகிறது. மூச்சு இன்னும் முட்டுகிறது. இந்தச் சுழலை அறுக்க ஒரு வழி இருக்கிறது. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையிலோ மேசையிலோ ஊன்ற வையுங்கள். தோளின் எடை கைகளில் இறங்கியதும் கழுத்துத் தசைகள் மூச்சுக்கு உதவ வருகின்றன. மூக்கால் ஒன்று, இரண்டு என்று எண்ணி இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதடு குவித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி விட வேண்டும். குவித்த உதடு உள்ளே ஓர் எதிரழுத்தத்தைக் கொடுத்து, மூச்சுக்குழாய்கள் மடங்கிவிடாமல் திறந்து வைக்கிறது. கூடவே பனையோலை விசிறியால் முகத்துக்கு, மூக்கும் கன்னமும் படும்படி வீசுங்கள். முகத்தில் படும் குளிர்ந்த காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நாலைந்து பேர் சுற்றி நின்று ‘என்னாச்சு, என்னாச்சு’ என்று கேட்காமல், ஒருவர் மட்டும் பக்கத்தில் அமர்ந்து கூடவே எண்ணுங்கள்.

நடையும் சாப்பாடும்

வீட்டுக்கு வந்ததும் ‘படுத்தே இருங்கள்’ என்பது அன்பில் செய்யும் தவறு. படுக்கையில் கிடந்தால் தொடைத் தசை வாரக்கணக்கில் கரைந்து, அதே வேலைக்கு இன்னும் அதிகம் மூச்சு வாங்கும். வந்த மறுநாளே கட்டிலிலிருந்து திண்ணைவரை, மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று வேளை என்று தொடங்கலாம். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு நிமிடம் கூட்டி, மெல்ல மெல்ல இருபது முப்பது நிமிடம்வரை கொண்டுபோகலாம். நடக்கும்போது ஒரு வாக்கியத்தை ஓரிரு இடத்தில் நிறுத்திப் பேச முடிந்தால் அளவு சரி. ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் அதிகம். நாற்காலியில் கை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காருவதையும் தினம் இரண்டு வேளை சேர்த்துக்கொள்ளுங்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நடக்கும் மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் நான்கு வாரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். மறுசேர்க்கையைக் குறைப்பதில் அதற்கு ஈடான மருந்து குறைவு. தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை செய்வதும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயர் பதிந்துகொள்ளலாம்.

குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இந்தியன் டாய்லெட் என்றால் மேலே போடும் நாற்காலி, இரண்டும் அவசியம். குனிந்தால் வயிறு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். இதே காரணத்தால்தான் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டதும் மூச்சு முட்டுகிறது. மூன்று வேளையை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து, சோற்றைக் குறைத்து முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிரைக் கூட்டுங்கள். மூச்சு விடுவதே இவர்களுக்குக் கடும் உழைப்பு, அதனால் உடல் இளைக்கிறது. வாரம் ஒரு நாள் ஒரே தராசில் எடை பாருங்கள். எடை இறங்கினால் சத்து போதவில்லை. மூன்று நான்கு நாளில் இரண்டு கிலோ ஏறி, கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தால், உடம்பில் நீர் கோக்கிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

புகை

பீடியை நிறுத்துவது எந்த வயதிலும் பலன் தரும் சிகிச்சை. திட்டுவதால் நிற்காது, 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலை நிறுத்த ஆலோசனை கிடைக்கிறது. தியோஃபிலின் சாப்பிடுபவர் புகையை நிறுத்தினால், அந்த மருந்து உடலில் தங்கும் அளவு கூடும்; நிறுத்திய செய்தியை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நோயாளி புகைக்காவிட்டாலும், அந்த அறையில் வேறு யாரும் புகைக்கக் கூடாது. கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. சாம்பிராணி வேண்டாம். போகி காலையிலும் தீபாவளி இரவிலும் ஜன்னலை அடைத்து, அவரைத் தெருவிலிருந்து தள்ளியிருக்கும் அறையில் வையுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுக்கு ஒரு முறையும், நிமோனியா தடுப்பூசி டாக்டர் சொல்லும் முறையிலும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறுபடி முற்றுகிறதா?

தினமும் காலையில் நான்கு விஷயங்களைக் காலண்டரில் குறியுங்கள்: மூச்சு நேற்றைவிட எப்படி, சளியின் நிறமும் அளவும், ஆக்சிஜன் எண், அவசர இன்ஹேலர் எத்தனை முறை. வெள்ளையாக இருந்த சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடி, மூச்சும் அதிகம் வாங்கினால், இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். முன்கூட்டியே அவர் எழுதிக் கொடுத்திருக்கும் மருந்து கையில் இருந்தால், அவர் சொன்னபடி தொடங்கலாம்.

ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சு, உதடு நீலமாதல், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் கலையாத தூக்கம், ஆக்சிஜன் வைத்தும் எண் குறித்த அளவுக்குக் கீழேயே நிற்பது, ஒரு பக்கமாகத் திடீர் நெஞ்சுவலி, சளியில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது: இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். வரும்வரை உட்கார வைத்து, ஸ்பேசரில் சால்பியூட்டமால் கொடுங்கள், படுக்க வைக்காதீர்கள்.

மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டு, காலண்டர் தாள், எல்லா மருந்துகளும், முக்கியமாக இன்ஹேலரும் ஸ்பேசரும் பையில் இருக்கட்டும். டாக்டர் முன்னாலோ நர்ஸ் முன்னாலோ ஒரு முறை அவரே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாகத்தான் எடுக்கிறேன் என்பவரிடமும் ஒரு பிழை பிடிபடும். புது மருந்து எழுதும் முன் அதைத் திருத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.